தேரும் முட்டுக்கட்டையும்: கூடைப்பந்தில் தனித்திறனின் வரலாறு

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் மாட வீதிகளைச் சுற்றி வருகின்றன. அம்மன் தேரைப் பெண்களே இழுப்பது மரபு. பெரிய தேரின் வடத்தைப் பற்றும் கைகளுக்குக் கணக்கே இல்லை. கூட்டு முயற்சி என்றதும் தமிழில் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் உவமை இதுதான்: ஊர் கூடித் தேர் இழுத்தல். ஆனால் வடம் பிடிப்போர் அத்தனை பேரும் சேர்ந்தாலும் தேரை நேராக இழுக்கத்தான் முடியும். வீதி முனையில் அதைத் திருப்புவதும், மிதமிஞ்சி ஓடும்போது நிறுத்துவதும் சக்கரத்தின் அருகே குனிந்து நிற்கும் ஓரிருவர் வேலை. உருளும் சக்கரத்தின் கீழே, பிசகாத கணத்தில், பிசகாத கோணத்தில் அவர்கள் செருகும் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். தேருக்கு வழிகாட்டும் கருவியின் பெயரையே 'தடை' என்ற பொருளில் நம் பேச்சுமொழி எடுத்துக்கொண்டது ஒரு விநோதம்.

குழுவில் இருக்கும் தனித்திறன் மிக்கவரைப் பற்றியும் பெரும்பாலும் நாம் அவ்வாறே எண்ணுகிறோம். அவர் கூட்டு உழைப்புக்கு இடையூறு. தன் பெருமைக்காக ஆடுபவர். அடக்கி வைக்கப்பட வேண்டியவர். கிரிவலப் பாதையில், நகருக்கு மறுபுறம் இருக்கும் அடி அண்ணாமலையில் நின்று பார்த்தால் மலை வேறு வடிவம் கொள்ளும். மலை என்னவோ ஒன்றுதான். குழு விளையாட்டின் வரலாறும் அப்படி இருபுறமும் நின்று பார்க்க வேண்டியது. விதிகளை எழுதியவர்களின் பக்கம் ஒன்று. விதிகளுக்குள் நின்று ஆடியவர்களின் பக்கம் மற்றொன்று. இதற்குக் கூடைப்பந்தைப் போல வாய்ப்பான சான்று வேறில்லை. ஏனெனில் பிற விளையாட்டுகள் நாட்பட வளர்ந்தவை. கூடைப்பந்தோ ஓர் ஆசிரியர், ஒரு கட்டடத்தில், ஒரு குளிர்காலத்தில் யோசித்து எழுதியது.

அந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி, காலம் 1891 டிசம்பர். பனிக்காலத்தில் கூரையின் கீழ் ஆடத்தக்க, ஒருவரையொருவர் முட்டி மோதிக் காயப்படுத்திக்கொள்ளாத ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. 18 மாணவர்களை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்தார். பத்தடி உயரத்தில் பீச் பழக்கூடைகள் இரண்டைப் பொருத்தினார். 13 விதிகள் எழுதினார். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை.

அந்த 13 விதிகளில் ஆட்டத்தின் தன்மையைத் தீர்மானித்தது, பந்தோடு ஓடக் கூடாது என்ற விதி. பிடித்த இடத்தில் நின்று வேறொருவருக்கு எறிந்துவிட வேண்டும். பந்தை வைத்திருப்பவன் ஓடினால்தானே அவனைப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள்? ஓடாதவனைத் தள்ள வேண்டியதில்லை. நோக்கம் வன்முறையைத் தவிர்ப்பதுதான். ஆனால் அதன் விளைவாக, தனியொருவன் தன் திறமையால் மட்டும் எதையும் சாதிக்க இயலாத ஒரு விளையாட்டு பிறந்தது. பந்து கைக்கு வந்ததுமே அவன் சிலையாகிவிடுவான். மற்றவர்கள்தாம் அவனுக்காக அசைய வேண்டும்.

இந்த எண்ணத்தை இன்னும் தீவிரமாக்கியவர் சென்டா பெரென்சன். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1892இல் ஸ்மித் கல்லூரி மாணவியருக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தபோது களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று நொடிகளுக்கு மேல் பந்தை வைத்திருக்கவும் கூடாது. ஒருத்தி மட்டும் ஆட்டத்தைத் தன் வசமாக்கிக்கொள்ளும் 'நட்சத்திர ஆட்டம்' தலையெடுக்கக் கூடாது என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணங்களுள் ஒன்று. பெண்களால் களம் முழுவதும் ஓடி ஆட முடியாது என்ற அக்காலத்து நம்பிக்கையும் இதற்குத் துணை நின்றது. விதிகள் அவ்வப்போது தளர்ந்தபோதிலும், ஐவர் களம் முழுவதும் ஆடும் முறை அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு 1971இல்தான் வாய்த்தது. தனித்திறனின் மீது கொண்ட அச்சமும் பெண் உடலின் மீது கொண்ட அச்சமும் இங்கே ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஆடியவர்களின் பக்கம் வருவோம். எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள், ஓட விதி இடம் தரவில்லை, எறிவதற்கும் ஆள் இல்லை. அப்படி அகப்பட்ட ஆட்டக்காரன் பந்தைத் தன் முன்னே தரையில் போட்டு, தானே ஓடிப் பிடித்தான். எவருக்கும் எறியலாம் என்றால் எனக்கு நானே எறிந்துகொள்ளக் கூடாதா என்பது அதன் தர்க்கம். இன்று சிறுவர்கள் முதல் பாடமாகக் கற்கும் டிரிப்ளிங், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது, இப்படித்தான் பிறந்தது. 1897 வாக்கில் யேல் பல்கலைக்கழக அணி இதை ஓர் உத்தியாகவே கையாண்டது.

விதி எழுதுவோர் சும்மா இருக்கவில்லை. பந்தைத் தட்டி வந்தவன் தானே கூடைக்குள் எறியக் கூடாது என்று 1901இல் தடை விதித்தார்கள். வழியைத் திறந்தவன் பலனை மற்றவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற அறவுணர்வு அதில் தெரிகிறது. 1908இல் அந்தத் தடை நீங்கியது. 1927இல் மீண்டும் ஒரு முயற்சி நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் வால்டர் மீன்வெல், துல்லியமாகத் திட்டமிட்டுப் பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தின் ஆசான். ஒருவர் ஒரு முறைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது என்று அவர் முன்வைத்த மாற்றத்தை விதிக் குழு ஏற்றும்கொண்டது. பயிற்சியாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். நியூயார்க்கின் நாட் ஹோல்மன், கன்சாஸின் ஃபாக் ஆலன் போன்றோர் எதிர்ப்பின் முன்னணியில் நின்றார்கள். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கம் உருவானதே இந்தக் கிளர்ச்சியில்தான். மாற்றம் கைவிடப்பட்டது. ஒருவன் எத்தனை முறை பந்தைத் தட்டலாம் என்பதற்காக ஒரு சங்கமே தோன்றியது என்றால், இங்கே பேசப்பட்டது வெறும் விதி நுணுக்கம் ஆகாது.

அடுத்த திருப்பம் 1936 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நிகழ்ந்தது. தொடர்ந்து 43 ஆட்டங்களில் தோல்வி காணாத லாங் ஐலண்ட் பல்கலைக்கழக அணியை, மேற்குக் கரையிலிருந்து வந்த ஸ்டான்ஃபோர்டு அணி 45-31 என்று வென்றது. ஸ்டான்ஃபோர்டின் ஹாங்க் லூயிசெட்டி அன்று எடுத்தவை 15 புள்ளிகள். புள்ளிகளைவிட, அவர் எறிந்த விதமே பேசப்பட்டது. இரு கால்களையும் ஊன்றி, இரு கைகளாலும் மார்பருகே இருந்து எறிவதே சாத்திரம் என்று கற்பிக்கப்பட்ட காலம் அது. ஊன்றி நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தை உருவாக்க நால்வர் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கைமாற்ற வேண்டும். லூயிசெட்டி ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் எறிந்தார். நால்வர் பாடுபட்டு உண்டாக்கிய இடத்தை ஒருவர் தம் உடலாலேயே உண்டாக்கினார். டிரிப்ளிங்குக்காக வாதாடிய அதே ஹோல்மன், ஒற்றைக் கை எறிதலை ஏளனம் செய்தார் என்பது வரலாற்றின் நகைச்சுவை. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் சிறுவர்கள் ஒற்றைக் கையால் எறியத் தொடங்கிவிட்டார்கள்.

இவ்வளவு தடைகளைத் தாண்டித் தனித்திறன் ஏன் திரும்பத் திரும்ப உள்ளே வந்தது? வேடிக்கை பார்ப்போர் அதை விரும்பினார்கள் என்பது பாதி விடைதான். மீதி விடை தாக்குதல் ஆட்டத்தின் இயல்பில் இருக்கிறது. தற்காப்பைப் பெருமளவு ஒழுங்கினாலும் உழைப்பினாலும் கட்டிவிடலாம். ஒருவர் தவறினால் பக்கத்தில் நிற்பவர் நகர்ந்து வந்து மறைத்துக்கொள்ளலாம். தாக்குதலில் அது போதாது. ஐவரை எதிர்த்து ஐவர் நிற்கையில், எல்லோரும் சம வல்லமை உடையவர்களாக, ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் என்று அமைந்துவிட்டால் வழியே இல்லை. யாரேனும் ஒருவர் தம் காவலரைத் தாண்டியாக வேண்டும். தாண்டிய அக்கணத்தில் இரண்டாம் காவலர் ஒருவர் தமக்குரியவரை விட்டுவிட்டு உதவிக்கு ஓடி வருவார். விடப்பட்டவர் கூடையருகே தனியே நிற்பார். நாம் கூட்டு ஆட்டம் என்று வியக்கும் அழகான பந்து மாற்றங்கள் பெரும்பாலும் அந்த முதல் தாண்டலுக்குப் பிறகே தொடங்குகின்றன.

கடிகாரமும் இதற்கு ஒரு காரணம். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தபின் இத்தனை நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1985-86 பருவத்தில் 45 நொடியாக வந்து, பிறகு 35 ஆகி, 2015-16 முதல் 30 ஆகச் சுருங்கியது. திட்டமிட்ட நகர்வுகளை எதிரணி படித்துவிட்டால் அந்த 30இல் 20 நொடிகள் வீணாகக் கரைந்துவிடும். எஞ்சிய நொடிகளில், ஏதும் இல்லாத இடத்தில் ஒரு வாய்ப்பை உண்டாக்குபவர் அணியில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

2004இல் வெளியான, புள்ளியியல் வழியாகக் கூடைப்பந்தை ஆராயும் தம் நூலில் டீன் ஆலிவர் இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தார். ஒரு கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணியிடம் பந்து வரும் தடவைகள் சுமார் 70. ஒவ்வொரு தடவையையும் ஐவரில் யாரோ ஒருவர் முடித்துவைத்தே ஆக வேண்டும். கூடைக்குள் எறிந்தோ, பந்தைப் பறிகொடுத்தோ. ஆக, இது ஒரு சுமை. எவரும் கூடுதல் சுமையை ஏற்க ஏற்க, கடினமான எறிதல்களையும் எறிய நேர்ந்து, அவருடைய வெற்றி விகிதம் குறையும். திறன் மிக்கவருக்கு அது மெதுவாகக் குறைகிறது. அவர் கடினமானவற்றை ஏற்றுக்கொள்வதால் மற்றவர்கள் எளியவற்றை மட்டும் எறிந்தால் போதும். அவர்களுடைய விகிதம் உயர்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இளையவர்கள் நிம்மதியாகத் தத்தம் வேலையைப் பார்க்க முடிகிறது என்பதைப் போன்ற உண்மை இது.

நம் புறத்திணை இலக்கணம் இதை அறிந்தே இருந்தது. தும்பைத் திணையில் தார்நிலை என்றொரு துறை. வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்டபோது, வேறிடத்தில் பொருதுகொண்டிருந்த வீரன் ஒருவன் மீண்டு வந்து அவர்களை எறிவது. தன் படை உடைந்த நிலையிலும் அதன் பின்புறத்தைத் தாங்கித் தனித்து நிற்கும் வீரனுக்கு எருமை என்ற துறையைத் தொல்காப்பியர் ஒதுக்குகிறார். நிலைத்து நிற்கும் வீரர் எவ்வளவு இருந்தாலும் தலைவர் இல்லாத படை படையே அன்று என்று படைமாட்சி அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். படை என்பது கூட்டம்தான். எனினும் அந்தக் கூட்டத்துக்குள் ஒருவன் செய்யும் செயலுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினார்கள்.

இத்தோடு நிறுத்திவிட்டால் ஒரு பக்கச் சார்பாகிவிடும். எதிர்ச்சான்றுகளில் முதன்மையானது பீட் மாராவிச்சின் வரலாறு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்கள், 83 ஆட்டங்கள், 3,667 புள்ளிகள். சராசரி ஆட்டத்துக்கு 44.2. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில் எடுத்தவை இவை. முதல் தர ஆடவர் கல்லூரி ஆட்டத்தில் இச்சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை; 2023இல் ஐந்து பருவங்கள் ஆடிய ஆன்டுவான் டேவிஸ் மூன்று புள்ளி குறைவாக நின்றுவிட்டார். ஆனால் மாராவிச்சின் அணி அம்மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தேசியப் பட்டத்துக்கான என்.சி.ஏ.ஏ. தொடருக்குத் தகுதி பெறவில்லை. பயிற்சியாளர் அவருடைய தந்தை. மகன் எறிவதற்காகவே ஆட்டம் அமைக்கப்பட்டது. மூத்தவர் எல்லாச் சுமையையும் தம் தலையில் ஏற்றிக்கொண்ட வீடு அது. மற்றவர்கள் உழைக்கவே மறந்துபோனார்கள்.

மறுமுனையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். பீட் காரில் என்ற பயிற்சியாளர் அங்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பொறுமையையும் கைமாற்றத்தையும் மட்டுமே நம்பி ஓர் ஆட்டமுறையை வளர்த்தார். 1996 மார்ச்சில் அவருடைய அணி, முந்தைய ஆண்டின் வாகையரான யு.சி.எல்.ஏ.வை 43-41 என்று வீழ்த்தியது. கூட்டு ஆட்டத்தின் மகுடமாக இன்றும் சொல்லப்படும் வெற்றி. அடுத்த சுற்றிலேயே மிசிசிப்பி மாநில அணியிடம் 63-41 என்று தோற்றார்கள் என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. இதே பிரின்ஸ்டன் தேசிய அளவில் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நின்ற ஆண்டு 1965. அப்போது அங்கே பில் பிராட்லி என்றொரு மாணவர் இருந்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் மட்டும் எடுத்தவை 58 புள்ளிகள். முறைமை ஓர் இரவு பெருஞ்செல்வனை வீழ்த்தலாம். அதே கல்லூரி தொலைதூரம் சென்றது ஒரு மேதை இருந்தபோதுதான்.

ஆனால் என் கருத்துக்குப் பெரும் சான்று, ஒரு புள்ளியும் எடுக்கப்படாத ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரியில் மாணவர்கள் 2,000க்கும் குறைவு. 2008 மார்ச்சில் அந்தச் சிறு கல்லூரி கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் ஆகிய பெரும் அணிகளை வரிசையாக வென்று, கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. ஸ்டீபன் கரி என்ற மெலிந்த மாணவர் அந்த மூன்று ஆட்டங்களில் எடுத்தவை 40, 30, 33. அடுத்த ஆட்டத்தில் கன்சாஸிடம் 59-57 என்று தோற்றார்கள். கடைசி நொடிகளில் கரியை இருவர் மறித்தார்கள்; அவர் பந்தைத் தோழரிடம் கொடுத்தார்; தோழரின் எறி தவறியது.

அதே ஆண்டு நவம்பர் 25. மேரிலாந்தின் லயோலா அணிப் பயிற்சியாளர், பந்து எங்கிருந்தாலும் சரி, கரியை இருவர் விடாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்று ஆணையிட்டார். கரி என்ன செய்தார்? களத்தின் மூலையில் போய்ச் சும்மா நின்றார். காவலர் இருவரும் அவரோடு மூலையில் நின்றார்கள். மீதி இடத்தில் டேவிட்சனின் நால்வருக்கு எதிரே மூவர். அன்று கரி கூடைக்கு எறிந்ததே மூன்று முறை; எடுத்த புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று வென்றது. எறியாமலும் ஓடாமலும் நின்ற ஒருவரின் திறமை அவருடைய நான்கு தோழர்களுக்குக் களத்தை அகலமாக்கிக் கொடுத்தது. மறுநாள் புள்ளிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யத்தைக் கண்டவர்கள் அந்த ஆட்டத்தில் நடந்ததை அறிந்திருக்க மாட்டார்கள். மாராவிச்சின் 44.2க்கும் கரியின் பூஜ்யத்துக்கும் இடையே இந்தப் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் தமிழகத்தின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விளையாட்டைக் கொண்டுசென்றார்கள். கூடைப்பந்து பிறந்த பள்ளிக்கும் நம் பள்ளி மைதானத்துக்கும் இடையே இப்படி ஒரு நேரடி ஆசிரிய மரபு உண்டு. அகில இந்தியப் போட்டிக்காகப் பல பத்தாண்டுகளாகக் கோடைதோறும் அணிகளை வரவேற்கும் பெரியகுளம் போன்ற ஊர்களில் இந்த விளையாட்டு வேரூன்றியதும் அந்தத் தொடர்ச்சியில்தான். ஆனால் நெய்ஸ்மித்தின் முதல் விதிகளிலிருந்த அறநெறியும் அந்த மரபோடு சேர்ந்து வந்தது. நம் மக்கள் உடற்பயிற்சி ஆசிரியருக்கு வைத்த பெயர் 'டிரில் மாஸ்டர்'. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்துவைப்பது டிரில். அந்தப் பெயரே நம் எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுகிறது.

இந்தச் சூழலிலிருந்துதான் அனிதா பால்துரை வந்தார். சென்னையில் வளர்ந்தவர்; தெற்கு ரயில்வே வீராங்கனை. 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றார். 2001 முதல் 2017 வரை தொடர்ச்சியாக ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரோடு பல ஆண்டுகள் ஆடிய கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் ஆறடிக்கு மேல் உயரம்; ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடியவர்; 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை அணிகள் தேர்வுக்கு அழைத்தவர். கூடைக்கு அடியில் கீது. வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்த அனிதா. 2017 ஜூலையில் பெங்களூரில் இந்திய மகளிர் கஜகஸ்தானை 75-73 என்று வென்று ஆசியாவின் முதல் பிரிவுக்கு உயர்ந்தபோது கீது இல்லை; அனிதா இருந்தார். இரண்டே புள்ளிகளில் முடிந்த அந்த ஆட்டத்தை டிரில்லால் மட்டும் வென்றிருக்க இயலாது. நெருக்கடியில் பந்தைக் கேட்டு வாங்கத் துணிந்தவர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

இங்கேதான் எனக்குக் கவலை. பந்தைக் கேட்கும் துணிவு பயிற்சியில் வளர்வது. நம் கல்லூரி மைதானங்களிலோ இரண்டு பேரைத் தாண்டி ஓடும் மாணவியை நோக்கிக் கரையிலிருந்து எழும் முதல் குரல் 'பாஸ் கொடு' என்பதாகவே இருக்கிறது. தாண்டியபின் எப்போது கொடுக்க வேண்டும், எப்போது தானே எறிய வேண்டும் என்பதைக் கற்பிக்க நேரமும் பொறுமையும் வேண்டும். தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். கொடு என்று கத்துவதற்கு அவை எதுவும் வேண்டாம். பெண் என்றால் அடக்கம் என்ற பழைய பாடமும் அதில் ஒளிந்துகொள்கிறது. பெரென்சன் களத்தில் வரைந்த கோடுகள் அழிந்தபிறகும் நம் மனத்தில் அழியவில்லை.

தன் பெருமைக்காக ஆடுபவரையும் தன் திறமையால் மற்றவர்க்கு வழி திறப்பவரையும் பிரித்தறிவதுதான் பயிற்சியாளரின் கலை. அந்த வேறுபாடு புள்ளிப் பட்டியலில் தெரியாது. அவர் களத்தில் இருக்கும்போது மற்ற நால்வரும் எப்படி ஆடுகிறார்கள் என்பதில் தெரியும். அதைக் காணும் கண் வாய்த்த ஓர் ஆசிரியர் கிடைத்தால், ஏதோ ஒரு மாவட்டப் போட்டியில் கடைசி நொடிகளில் பந்தைக் கையில் வைத்திருக்கும் பெண் கரையைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். எதிரே நிற்பவரைப் பார்ப்பாள்.